பழுது நீக்கலும் பழமை காத்தலும்

புதியதொரு பொருளைப் படைத்தல் ஒரு திறன்; பழுதுற்ற பழம்பொருளை அதன் இயல்பு கெடாமல் மீட்டல் மற்றொரு திறன். முன்னதில் கைவினைஞன் தன் கருத்தின்வழியே செல்வான். பின்னதிலோ, தனக்கு முன்னே அப்பொருளைச் செய்தவன் எண்ணியது யாது என்பதை ஆராய்ந்து, அவ்வெண்ணத்திற்குத் தன் கையைப் பணியவைத்தல் வேண்டும். இவ்விரண்டனுள் பின்னதே அரியது. கோயில் திருப்பணி செய்வோரும், செல்லரித்த ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதுவோரும் இவ்வருமையை நன்குணர்வர். பழைய மோட்டார் வண்டிகளைப் புதுக்குவோரும் அவர்கள் இனத்தைச் சார்ந்தவரே ஆவர்.

இங்கிலாந்து நாட்டில், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை விலைக்கு வாங்கி, வீட்டை அடுத்த கொட்டகையில் நிறுத்தி, ஓய்வு நேரங்களில் தம் கையாலேயே அதனைப் புதுக்குதலைப் பலர் விருப்பத் தொழிலாகக் கொண்டுள்ளனர். ஸ்போர்ட்ஸ் கார் என்பது, பெரும்பாலும் இருவர் மட்டுமே அமரத்தக்கதாய், தாழ்ந்த உடலும் விரைந்த செலவும், வளைவுகளில் நிலைதடுமாறாது திரும்பும் இயல்பும் உடைய வண்டியாகும். இவ்வாறு புதுக்கப்படும் வண்டிகளுள் மிகப் பெயர்பெற்றது எம்.ஜி.பி. என்பது. அதனைச் சான்றாகக் கொண்டு நோக்கின், இத்தொழிலின் முறையும் நெறியும் தெளிவாக விளங்கும்.

வண்டியின் வரலாறு

ஆக்ஸ்போர்டு நகரில் வில்லியம் மாரிஸ் என்பாருக்கு ‘மாரிஸ் கராஜஸ்’ என்னும் வண்டிச் சாலை ஒன்று இருந்தது. 1920-களில் அதன் மேலாளராய் விளங்கிய செசில் கிம்பர் என்பார், மாரிஸ் வண்டிகளின்மீது அழகிய உடல்களை அமைத்து விற்கத் தொடங்கினார். அச்சாலையின் பெயரிலுள்ள முதலெழுத்துகள் இரண்டும் சேர்ந்தே ‘எம்.ஜி.’ என்னும் பெயர் தோன்றிற்று. 1929-இல் இவ்வண்டிகளைச் செய்யும் தொழில் ஆபிங்டன் என்னும் ஊருக்குப் பெயர்ந்தது. அங்கே 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட எம்.ஜி.பி. வண்டிகள் செய்யப்பட்டன. 1980-இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது.

இவ்வண்டிக்கு முன்னர் வந்த எம்.ஜி.ஏ. என்னும் வண்டி, தனியே அமைந்த இரும்புச் சட்டகத்தின்மீது உடலை ஏற்றிச் செய்யப்பட்டது. எம்.ஜி.பி.யிலோ தனிச் சட்டகம் இல்லை. மெல்லிய எஃகுத் தகடுகளை வளைத்தும் மடித்தும், ஒன்றோடொன்று பற்றவைத்தும் ஆக்கிய உடலே, எல்லாப் பளுவையும் தாங்கும் எலும்புக்கூடாகவும் அமைந்துள்ளது. இதனால் வண்டி எடை குறைந்து உறுதி மிகுந்தது. ஆயினும், உடலில் ஓரிடத்துத் தகடு கெடின் வண்டி முழுமையும் வலிவிழக்கும் என்பதும் இவ்வமைப்பின் விளைவே ஆகும்.

துருவின் கேடு

பழைய வண்டியின் பெரும்பகை துரு. இரும்பு, நீரோடும் காற்றிலுள்ள உயிர்வளியோடும் கூடும்பொழுது துருவாக மாறுகிறது. நீரில் உப்புக் கலந்திருப்பின் அம்மாற்றம் விரைவுபெறும். குளிர் காலத்தில் இங்கிலாந்தின் சாலைகளில் பனி உறையாதிருக்க உப்பைத் தூவுவர். அவ்வுப்பு நீர் சக்கரங்களால் வாரி எறியப்பட்டு, வண்டியின் அடியிலுள்ள பொந்துகளிற் புகுந்து தங்கும். வெளியே வண்ணம் பளபளக்க, உள்ளே இரும்பு சிறிது சிறிதாக உதிரும்.

எம்.ஜி.பி.யில் துரு தன் முதன்மையான இருப்பிடமாகக் கொள்வது, கதவின் கீழே முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையே நீண்டு கிடக்கும் ‘சில்’ என்னும் உறுப்பாகும். இதனை அடிவிட்டம் எனலாம். வெளித் தகடு, நடுத் தகடு, உள் தகடு எனப் பல தகடுகள் சேர்ந்து பெட்டிபோல் அமைந்தது இது. கூரையுள்ள வண்டியில், கூரையும் அடித்தளமும் பளுவைப் பகிர்ந்துகொள்ளும். திறந்த வண்டிக்கோ கூரை இல்லை. ஆதலின், முன்பகுதியும் பின்பகுதியும் நடுவில் மடிந்துவிடாமல் பிணித்து நிற்கும் கடமை இரு பக்கத்து அடிவிட்டங்களையே பெரிதும் சார்கிறது.

விற்போருள் சிலர், துருவேறிய அடிவிட்டத்தின்மேல் புதிய தகடு ஒன்றைப் போர்த்தி, இடைவெளிகளை மக்கு இட்டு நிரப்பி, மேலே வண்ணம் பூசிவிடுவர். காண்போர் கண்ணுக்கு அது புதியதாகவே தோன்றும். ஆனால் அத்தகைய வண்டி மற்றொன்றோடு மோதுமாயின், அமர்ந்திருப்போரைக் காக்க வேண்டிய உறுப்பு அட்டைப் பெட்டிபோல் நசுங்கும். ஆகவே, வாங்குவோர் முதலில் நோக்க வேண்டுவது வண்ணத்தை அன்று. துணி சுற்றிய காந்தம் ஒன்றைத் தகட்டின்மேல் நகர்த்தின், மக்கு தடிப்பாக உள்ள இடத்தில் அது பற்றாது. கதவுக்கும் உடலுக்கும் இடையேயுள்ள சந்து மேலும் கீழும் ஒரே அளவாக உள்ளதா எனக் காணல் வேண்டும். மேலே குறுகியும் கீழே அகன்றும் இருப்பின், வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது என்பது பொருள்.

பிரித்தல்

பழுது நீக்குதலின் முதற்படி, பிரித்தல். பிரிப்பது எளிது என்று கருதுவோர் பலர். மீண்டும் கூட்டும்பொழுதே பிரித்தலின் அருமை தெரியவரும். எம்.ஜி.பி. வண்டியில் திருகாணிகளும் மரைகளும் பிடிப்பான்களும் எண்ணிறந்தன. இன்று கழற்றிய திருகாணி ஓர் ஆண்டு கழித்துக் கையில் எடுக்கப்படும்பொழுது, அது எவ்விடத்திற்கு உரியது என்பதை நினைவு மட்டுமே கொண்டு கூறல் இயலாது. ஆதலின் அறிவுடையோர், ஒவ்வோர் உறுப்பையும் கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்வர். கழற்றிய திருகாணிகளைச் சிறு பைகளில் இட்டுப் பெயர்ச்சீட்டுக் கட்டுவர். செய்தவற்றை நாள்தோறும் ஏட்டில் குறித்துவைப்பர்.

தம் உயிரைக் காத்துக்கொள்வதும் இவ்விடத்தில் கருதத்தக்கது. ஜாக்கி என்னும் தூக்கு கருவி, வண்டியை உயர்த்துவதற்கு மட்டுமே உரியது. அது நழுவக்கூடும். அதனை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகுதல் உயிருக்கு இறுதி பயக்கும். உயர்த்திய வண்டியை உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் அமர்த்திய பின்னரே அடியிற் புகுதல் வேண்டும். பற்றவைக்கும் வேலை தொடங்குமுன் பாட்டரியின் இணைப்பை நீக்கிப் பெட்ரோல் தொட்டியையும் அப்புறப்படுத்திவிடல் இன்றியமையாதது. வெறுந்தொட்டியினுள் எஞ்சிய ஆவியே வெடிக்கப் போதுமானதாகும்.

அடிவிட்டம் மாற்றல்

அடிவிட்டத்தை மாற்றும் வேலையில் ஒழுங்குமுறை தவறின், செலவிட்ட உழைப்பெல்லாம் வீணாகும். முதலில் கதவை நீக்கி, கதவு நின்ற வாயிலின் குறுக்கே இரும்புச் சட்டம் ஒன்றை இறுகப் பொருத்துவர். பழைய தகட்டை அறுத்தெடுத்த பின்னும் வாயிலின் அளவு மாறாதிருக்க இச்சட்டம் துணைநிற்கும். வண்டியின் பளுவும் அதன் இயல்பான இடங்களிலேயே, அஃதாவது சக்கரங்கள் தாங்கும் இடங்களிலேயே தங்கியிருத்தல் வேண்டும். பிறிதோரிடத்தில் முட்டுக் கொடுத்தால் உடல் வளையும். வளைந்த நிலையில் புதுத் தகட்டைப் பற்றவைத்துவிட்டால், அவ்வளைவு என்றும் நீங்காது. கதவும் மூடாது. இவற்றைக் கருதியே, ஒரு பக்கத்து வேலையை முற்றும் முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுவர்.

வெளித் தகடு, கதவின் அடியோடு நின்றுவிடாமல், முன் சக்கரத்தின் மேலுள்ள காப்புத் தகட்டின் உள்ளேயும் செல்கிறது. அதனை முழுமையாக மாற்ற விரும்புவோர், திருகாணிகளால் பொருத்தப்பட்ட அம்முன் தகட்டைக் கழற்றியே ஆகல் வேண்டும். இவ்வுழைப்பிற்கு அஞ்சி, கண்ணுக்குத் தெரியும் அளவு மட்டும் மாற்றுவோரும் உளர். அவர் செய்த வேலை சில ஆண்டுகளில் தன் குறையைத் தானே காட்டிவிடும். வேலை முடிந்தபின், பெட்டிபோன்ற அவ்வுறுப்பினுள் மெழுகு கலந்த நெய்மத்தைத் தெளித்து, நீர் வடியும் துளைகள் அடையாதபடி பார்த்துக்கொள்வர். துரு மீண்டும் வாராமல் தடுப்பது இதுவே.

பொறியும் தடைகளும்

எம்.ஜி.பி.யின் பொறி நான்கு உருளைகளும் 1798 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. இன்றைய பொறிகளை நோக்க இது மிக எளிய அமைப்பினது. பொறுமையும், சில அளவு கருவிகளும், செய்முறை நூல் ஒன்றும் இருப்பின் வீட்டிலேயே இதனைப் பிரித்துக் கூட்டலாம். உருளைகள் தேய்ந்துள்ளனவா என்பதை அளந்து காண்பர். தேய்மானம் மிகுந்திருந்தால் கடைசற் பட்டறையில் அவற்றைச் சற்று அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களை இடுவர்.

கூட்டும்பொழுது, இறுக்குதலிலும் ஓர் அளவு உண்டு. உருளைகளின் மேல் மூடியைப் பிணிக்கும் மரைகளை 45 முதல் 50 அடி-இராத்தல் முறுக்கு விசையில் இறுக்குக எனச் செய்முறை நூல் கூறும். அவற்றையும் ஒன்றை முற்றும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லுதல் கூடாது. நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்கி வரல் வேண்டும். அவ்வாறு செய்யின் மூடி கோணாது சமமாகப் படியும். குறைந்த இறுக்கம் கசிவைத் தரும். மிகுந்த இறுக்கம் திருகாணியை முறிக்கும்.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து பொறிக்கு ஊட்டும் எஸ்.யு. கார்ப்புரேட்டர்கள் இவ்வண்டியில் இரண்டு உள. இரண்டும் ஒரே அளவாகக் காற்றை இழுத்தாலன்றிப் பொறி சீராக ஓடாது. தேர்ந்தோர், ஒரு சிறு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைச் செவியிலும் மற்றொன்றைக் கார்ப்புரேட்டரின் வாயிலும் வைத்து, இரண்டினின்றும் எழும் சீறல் ஒலியை மாறி மாறிக் கேட்டு, அவை ஒத்து ஒலிக்கும்வரை திருகைத் திருத்துவர். யாழ் நரம்பைச் செவியால் அளந்து பண்ணுக்கு இசைவிப்பார்போன்று அவர் செய்யும் இச்செயல் வியக்கத்தக்கது.

பொறியினும் மேலான கவனம் பிரேக்குகளுக்கு உரியது. ஓடாத வண்டி எவரையும் கொல்லாது. நில்லாத வண்டி கொல்லும். பிரேக்கு மிதியின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் நீர்மம், காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக ஈர்க்கும் தன்மையது. ஈரம் ஏறிய நீர்மம் சூடேறுங்கால் எளிதில் கொதித்து ஆவியாகும். அப்பொழுது மிதி தரையைத் தொட்டும் வண்டி நில்லாது. ஆதலின் பழைய நீர்மம், ரப்பர்க் குழாய்கள், துருவேறிய குழல்கள் ஆகிய யாவற்றையும் ஐயம் சிறிதும் இன்றி மாற்றிவிடுவர். இவ்விடத்துச் சிக்கனம் பொருந்தாது.

மேம்படுத்தல்

பழுது நீக்கியபின் எழும் வினா ஒன்று உண்டு. பழைய வண்டியைப் பழையபடியே வைத்திருப்பதா, அன்றி இக்காலத்திற்கு ஏற்ப மேம்படுத்துவதா என்பதே அது. இதற்கு விடை காண, மாற்றங்களை வகைப்படுத்தி நோக்குதல் நன்று.

முதல் வகை, காலத்தால் கட்டாயமாகிய மாற்றம். இவ்வண்டி தோன்றிய நாளில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. அவ்வீயம் பொறியின் வால்வுகள் அமரும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து, தேய்மானத்தைத் தடுத்தது. ஈயம் உடல்நலத்திற்குத் தீங்கு என உணரப்பட்டமையால், 1999-ஆம் ஆண்டின் முடிவோடு பிரிட்டனில் ஈயப் பெட்ரோலின் பொது விற்பனை நின்றது. அதன்பின், வால்வு அமரும் இடங்களில் கடினமான உலோக வளையங்களைப் பதித்தல் தேவையாயிற்று. அவ்வாறே 2021-ஆம் ஆண்டில், நூற்றுக்குப் பத்துப் பங்குவரை எத்தனால் கலந்த பெட்ரோல் அங்கே பொது வழக்கிற்கு வந்தது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும். குழாய் கசிந்தால் தீப்பற்றும். எனவே அதனைத் தாங்கவல்ல புதுக் குழாய்களை இடுதல் வேண்டுவதாயிற்று. இவற்றைச் செய்யாதவர் பழமையைக் காத்தவர் ஆகார். வண்டியை இழப்பவரே ஆவர்.

இரண்டாம் வகை, ஏமம் கருதிய மாற்றம். தொடக்க கால எம்.ஜி.பி. வண்டிகளில் பிரேக்கு நீர்மம் ஒரே சுற்றாக ஓடிற்று. ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரங்களும் தடையிழக்கும். இதனை இரு சுற்றுகளாகப் பிரித்தமைப்பது நல்ல மேம்பாடாகும். உறுதியான இருக்கைப் பட்டைகளைப் பொருத்துவதும் இவ்வகையினதே.

மூன்றாம் வகை, வசதியும் விரைவும் கருதிய மாற்றம். பழைய டைனமோவினிடத்தில் ஆல்டர்னேட்டரை வைப்பது இவற்றுள் ஒன்று. தொழிற்சாலையே 1967-இல் இம்மாற்றத்தைச் செய்தது. அதுவரை பாட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது; அவ்வாண்டில் எதிர்முனை இணைக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை அறியாது புதிய மின்கருவியைப் பொருத்துவோர் அதனைக் கணத்தில் எரித்துவிடுவர். ஐந்து கியர்கள் உள்ள பெட்டியைப் பொருத்தி நெடுஞ்சாலைகளில் பொறியின் உழைப்பைக் குறைப்பாரும் உளர். பொறியின் ஆற்றலையே பெருக்க முனைவோர், முன்னதாகத் தடையின் ஆற்றலைப் பெருக்குதல் வேண்டும். 1973-இல் எட்டு உருளைகள் கொண்ட ரோவர் பொறியை, கூரையுள்ள எம்.ஜி.பி. வண்டியில் தொழிற்சாலையார் அமைத்தபொழுது, தடிப்பான பிரேக்குத் தட்டுகளையும் உடன் அமைத்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

மாற்றத்தின் எல்லை

மாற்றம் எதுவரை செல்லலாம்? பழைய வண்டிகளைப் பேணுவோரின் பன்னாட்டுக் கூட்டமைப்பாகிய ‘ஃபீவா’, 2012-இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனம் இதற்கு வழிகாட்டுகிறது. தவிர்க்கவியலாத மாற்றங்கள், பின்னொரு நாளில் மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பத்தக்கனவாய் இருத்தல் வேண்டும். கழற்றிய முதன்மையான பழைய உறுப்புகளை வண்டியோடு சேர்த்துப் பேணுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. ஆதலின், உடலில் புதுத் துளையிட்டுப் பொருத்துவதினும், முன்பே உள்ள துளையில் பொருந்துவதைத் தேடுவதே மேல். கழற்றிய டைனமோவை எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பது வீண்வேலை அன்று. இன்றைய உடைமையாளருக்குப் பின் வருவோருக்கும் அவ்வண்டியில் உரிமை உண்டு.

ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதுவோன், சிதைந்த எழுத்தைத் தன் ஊகத்தால் நிரப்புதல் நேரலாம். ஆனால் தான் நிரப்பியது இன்னது எனக் குறித்துவைக்கக் கடமைப்பட்டவன் அவன். குறியாது விட்டால், பின்வருவோர் அதனையே மூலப் பாடம் என நம்புவர். வண்டியைப் புதுக்குவோர்க்கும் இதுவே நெறி. 1988 முதல், பழைய அச்சுக் கருவிகளைக் கொண்டே செய்த எம்.ஜி.பி.யின் முழுப் புதிய உடல்கள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. மீட்க முடியாதபடி துருவேறிய வண்டியின் பொறியையும் சக்கரங்களையும் பிறவற்றையும் புதிய உடலில் அமைத்துக்கொண்டோர் பலர். அது பழைய வண்டியா, புதிய வண்டியா என வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் எவ்வாறு முடியினும், எவ்வுறுப்பு எப்பொழுது மாற்றப்பட்டது என்பதை மறையாது எழுதி வைத்தவர் எவரையும் ஏமாற்றியவர் ஆகார். மறைத்து விற்பவரே ஏமாற்றுபவர்.

பிரிட்டனில் 2018 மே மாதம் முதல், நாற்பது ஆண்டுகள் கடந்த, பெரிதும் உருமாற்றப்படாத வண்டிகளுக்கு ஆண்டுதோறும் செய்யும் சோதனை கட்டாயம் அன்று என விலக்களிக்கப்பட்டுள்ளது. ஆயினும் சாலையில் ஓடத் தகுதியுடையதாக வண்டியை வைத்திருக்கும் பொறுப்பு உடைமையாளரை விட்டு நீங்கவில்லை. சோதிப்போர் இல்லாத இடத்தில் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

புதுக்கிய வண்டி முதன்முதலாகக் கொட்டகையை விட்டு வெளிப்படும்பொழுது, அண்டை அயலார் கூடி அதன் வண்ணத்தைப் புகழ்வர். ஒளிரும் விளக்குகளைப் புகழ்வர். அடிவிட்டத்தினுள் இடப்பட்ட நடுத் தகட்டை எவரும் காணார். அதனைப் பற்றவைக்க எத்தனை மாலைப் பொழுதுகள் கழிந்தன என்பதையும் அறியார். ஆயினும் அமர்ந்து செல்வோரைத் தாங்குவது அத்தகடே. காண்பார் இல்லாத இடத்திலும் குறையின்றிச் செய்யப்பட்ட வேலையே, பழம்பொருளுக்கு நீண்ட வாழ்நாளையும் அதனைப் பயன்கொள்வோர்க்கு நல்ல காவலையும் தருவதாகும்.